ஓவியம் கற்றுக் கொடுக்கும் வீடு!

குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுப்பது எப்படி?

பிள்ளையின் கையில் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மலை வரையும். மலைக்கு நடுவே சூரியன் வரும். கீழே ஒரு குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம்.

கடலோரத்தில் வளரும் பிள்ளையும் இதையே வரைகிறது. மலையைப் பார்த்தே இராத பிள்ளையும் இதையே வரைகிறது.

ஏன் தெரியுமா?

அது கண்ணால் பார்த்து வரைந்த படம் அல்ல. இன்னொருவர் வரைந்த படத்தைப் பார்த்து வரைந்த படம்!

கண்ணால் பார்க்கக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே கரும்பலகை கிடையாது. பிரம்பு கிடையாது. பரீட்சையும் கிடையாது.

ஒரு வீடு. ஒரு பூந்தோட்டம். ஓர் அல்லிக் குளம். அவ்வளவுதான்!

அந்தப் பள்ளிக்கூடத்தின் கதை இது. அங்கே படித்த ஒரு பெண்ணின் கதையும் கூட.

எங்கே இருக்கிறது?

பிரான்சு நாட்டில் ஜிவெர்னி என்று ஒரு சிறிய கிராமம் இருக்கிறது. பாரீஸ் நகரத்தில் இருந்து சுமார் 75 கிலோ மீட்டர் தூரம். சேன் நதிக்கரையில், நார்மண்டி பகுதியில் உள்ளது.

அங்கே ஒரு நீளமான வீடு. சுவருக்கு இளஞ்சிவப்பு வண்ணம். ஜன்னல் கதவுகளுக்குப் பச்சை வண்ணம். வீட்டின் முன்னால் பூந்தோட்டம். அதைத் தாண்டிப் போனால் குளம். குளத்தின் மேல் வளைந்த மரப்பாலம் ஒன்று.

இந்த வீட்டில் 43 ஆண்டுகள் வாழ்ந்தவர் கிளாட் மோனே. உலகப் புகழ் பெற்ற ஓவியர்.

இன்று ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் பொம்மை

மோனே 1840-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி பாரீசில் பிறந்தார். அவருக்கு 5 வயது இருக்கும்போது குடும்பம் லே ஹாவர் என்ற துறைமுகப் பட்டினத்துக்குக் குடி போயிற்று. தகப்பனார் மளிகை வியாபாரி. மகனும் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை.

மகனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைவான். யாரை? பாடம் நடத்தும் வாத்தியாரையே! மூக்கைப் பெரிதாக்கி, முகத்தைக் கோணலாக்கி வேடிக்கைப் படம் போடுவான்.

15 வயதில் அந்த வேடிக்கைப் படங்களை விற்கவே தொடங்கி விட்டான். ஊர்ப் பெரிய மனிதர்கள் 10 பிராங்க், 20 பிராங்க் கொடுத்துத் தங்கள் கேலிச் சித்திரங்களை வாங்கிப் போனார்கள்.

படத்துக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் அவை தொங்கின. அதே கடையில் வேறு ஒருவர் வரைந்த கடல் படங்களும் தொங்கின. அவர் பெயர் பூதேன்.

அவர் இந்தப் பையனைப் பார்த்தார். “கேலிப் படத்தோடு நின்று விடாதே, என்னோடு வெளியே வா” என்ற வகையில் புத்தி சொல்லி, திறந்த வெளிக்கு அழைத்துப் போனார். வானத்துக்குக் கீழே உட்கார்ந்து, வானத்தையே பார்த்து வரையச் செய்தார்.

அந்தக் காலத்தில் ஓவியர்கள் பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்துதான் வரைவார்கள். வெளியே போய் வரைவது அபூர்வம். வண்ணத்தை வெளியே எடுத்துப் போவதே கஷ்டமாக இருந்தது.

1841-ம் ஆண்டு ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் வண்ணத்தை அடைத்து வைக்கத் தகரக் குழாய் கண்டுபிடித்தார். இப்போது நாம் பற்பசை வாங்குகிறோமே, அந்த மாதிரிக் குழாய்! அதைப் பையில் போட்டுக்கொண்டு ஓவியர்கள் வயலுக்கும் ஆற்றுக்கும் போக முடிந்தது.

தன் கண்ணை மறைத்திருந்த திரை அன்றுதான் விலகியது என்று மோனே பிற்காலத்தில் சொல்வது உண்டு.

கண்ணைத் திறந்து விட ஓர் ஆள் வேண்டும். மோனேக்கு ஒரு பூதேன் கிடைத்தார். பிறகு மோனே இன்னொரு குழந்தைக்கு அதே காரியத்தைச் செய்தார்.

வறுமையும் கேலியும்

மோனே பாரீசுக்கு வந்து ஓவியம் வரைந்தார். வாங்குவார் இல்லை. ரொட்டிக்குக் கூட நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

1874-ம் ஆண்டு அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். துறைமுகத்தில் பொழுது விடிவதை மோனே வரைந்து வைத்திருந்தார். பனி மூட்டம், அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன். ஒரு பத்திரிகைக்காரர் அதைப் பார்த்து, சுவரில் ஒட்டும் காகிதம் கூட இதைவிட நன்றாக இருக்கும் என்று கேலி செய்தார்.

1879-ம் ஆண்டு மோனேயின் மனைவி கமீல் நோயில் இறந்தார். அவருக்கு அப்போது வயது 32. மோனேயின் கையில் இரண்டு ஆண் குழந்தைகள்.

அந்த வேளையில் இன்னொரு குடும்பமும் அவரோடு ஒரே வீட்டில் வசித்தது. வியாபாரத்தில் நொடித்துப் போன குடும்பம் அது. ஆலிஸ் என்ற அந்த அம்மாள், தாய் இல்லாத இரண்டு பிள்ளைகளையும் தன் ஆறு பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். ஆலிஸ் விதவையான பிறகு, 1892-ல் மோனே அவரைத் திருமணம் செய்துகொண்டார்.

இப்படி, மோனேயின் வீட்டில் எட்டுப் பிள்ளைகள்!

எட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் போதுமான வீடு வேண்டும். ரெயிலில் போகும்போது ஜன்னல் வழியாக மோனே ஒரு கிராமத்தைப் பார்த்தார். பிடித்துப் போயிற்று. அதுதான் ஜிவெர்னி. 1883-ல் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஏழு ஆண்டு கழித்து, படங்கள் விற்கத் தொடங்கியதும், 1890-ல் அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார்.

வண்டி தள்ளிய பெண்

ஆலிசின் இரண்டாவது மகள் பெயர் பிளான்ஷ். 1865-ல் பிறந்தவள். மோனே தங்கள் வீட்டுக்கு வந்து ஓவியம் தீட்டுவதைச் சிறு வயதிலேயே வேடிக்கை பார்த்தவள். 11 வயதில் தானும் தூரிகை எடுத்தாள்.

மற்றப் பிள்ளைகள் விளையாடப் போவார்கள். பிளான்ஷ் மோனேயின் பின்னாலேயே போவாள். கித்தான், வண்ணப் பெட்டி, படம் வைக்கும் தாங்கி எல்லாவற்றையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, வயல் வரப்பில் தள்ளிக்கொண்டு போவாள். அவர் ஓர் இடத்தில் தாங்கியை நிறுத்தினால், பக்கத்திலேயே தன் தாங்கியையும் நிறுத்திக்கொள்வாள்.

மோனே பள்ளிக்கூடம் வைத்து யாருக்கும் பாடம் நடத்தியவர் அல்ல. அவருக்கு வாய்த்த ஒரே மாணவி இந்தப் பெண்தான்.

ஒரு நாள் இருவரும் வயலில் இருந்தார்கள். அறுவடை முடிந்து கோதுமைக் கதிர்களைப் போராக அடுக்கி வைத்திருந்தார்கள். நம் ஊர் வைக்கோல் போர் மாதிரி.

மோனே அதை வரையத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் வெயில் மாறி விட்டது. போரின் நிறமும் மாறி விட்டது!

“வீட்டுக்குப் போய் இன்னொரு கித்தான் கொண்டு வா” என்று பிளான்ஷை அனுப்பினார்.

கொண்டு வந்தாள். அதில் வரைந்தார். மறுபடியும் வெளிச்சம் மாறியது.

“இன்னும் ஒன்று கொண்டு வா!”

மறுபடியும் ஓடினாள். வெளிச்சம் மாற மாற, அவள் ஓட ஓட, கித்தான்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கித்தான்!

இப்படிப் பிறந்தவைதான் மோனேயின் புகழ் பெற்ற போர் ஓவியங்கள். 1891-ம் ஆண்டு பாரீசில் அவற்றில் 15 படங்களை ஒரே இடத்தில் மாட்டி வைத்தார்கள். மக்கள் வியந்து போனார்கள்.

காலையில் ஒரு போர். மாலையில் ஒரு போர். பனிக் காலத்தில் ஒரு போர். போர் ஒன்றுதான், படங்கள் வெவ்வேறு.

ஜிவெர்னி கற்றுக் கொடுக்கும் முதல் பாடம் இதுதான். பொருளை மட்டும் பார்க்காதே. அதன் மேல் விழும் வெளிச்சத்தையும் பார்!

மஞ்சள் அறை, நீல அறை

அடுத்த பாடத்துக்கு வீட்டுக்குள் வர வேண்டும்.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் எங்கும் மஞ்சள்! சுவர் மஞ்சள். அலமாரி மஞ்சள். நாற்காலி கூட மஞ்சள். இரண்டு வகை மஞ்சளை மோனே தேர்ந்தெடுத்துப் பூசச் செய்தார்.

அந்த அறையின் கதவைத் திறந்தால் சமையல் அறை. அங்கே எங்கும் நீலம்! சுவரில் நீலப் பூ வேலைப்பாடு செய்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அந்த நீலத்தின் முன்னால் செம்புப் பாத்திரங்கள் பளபளவென்று தொங்குகின்றன.

மஞ்சள் அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், திறந்த கதவு வழியாக நீலத்தைப் பார்க்க வேண்டும். இதுதான் மோனேயின் ஏற்பாடு.

ஏன் அப்படி?

மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் இருந்தால் மஞ்சள் இன்னும் மஞ்சளாகத் தெரியும். நீலமும் இன்னும் நீலமாகத் தெரியும். வெளியே இளஞ்சிவப்புச் சுவருக்குப் பச்சை ஜன்னல் வைத்ததும் இதே காரணத்தால்தான். ஒரு நிறத்தின் அழகு, அதன் பக்கத்து நிறத்தைப் பொறுத்தது.

இதைப் புத்தகத்தில் படித்தால் பிள்ளைக்குப் புரியாது. அந்த இரண்டு அறைக்கும் நடுவே, வாசற்படியில் நின்று பார்த்தால் உடனே புரியும்.

நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மஞ்சள் சாமந்திப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மஞ்சள் துணி மேல் வையுங்கள். பிறகு ஒரு நீலத் துணி மேல் வையுங்கள். எதில் பூ பளிச்சென்று தெரிகிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டின் சுவர்களில் ஜப்பான் நாட்டுப் படங்கள் நிறையத் தொங்குகின்றன. மரக் கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள் அவை. மோனே சேர்த்து வைத்தவை 200-க்கு மேல்.

அவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மரத்தின் பாதிதான் படத்தில் இருக்கும். மீதி படத்துக்கு வெளியே போய்விடும். எல்லாவற்றையும் முழுசாகக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதும் ஓவியனின் வேலைதான்.

ஊரார் எதிர்ப்பு

வீட்டுக்கு முன்னால் உள்ள தோட்டத்தில் பாதைகள் எல்லாம் நேர்கோடு. பாத்திகள் எல்லாம் கோடு போட்ட மாதிரி. நடுப்பாதைக்கு மேலே இரும்பு வளைவுகள். அவற்றில் ரோஜாக் கொடி ஏறியிருக்கிறது. டூலிப், ஐரிஸ், டேலியா, சூரியகாந்தி என்று பருவத்துக்குப் பருவம் பூக்கள் மாறும்.

மோனேக்கு இது போதவில்லை. தண்ணீர் வேண்டும், தண்ணீரில் பூ வேண்டும் என்று நினைத்தார்.

1893-ல் ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினார். பக்கத்தில் ஓடும் சிற்றாற்றில் இருந்து கொஞ்சம் தண்ணீரைத் திருப்பி ஒரு குளம் வெட்ட அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார்.

ஊரார் எதிர்த்தார்கள்!

“இவர் ஏதோ வெளிநாட்டுச் செடி வைக்கப் போகிறாராம். தண்ணீரில் விஷம் கலந்து விடும். நம் மாடு கன்று குடித்தால் என்ன ஆவது?” என்று பயந்தார்கள். அதே தண்ணீரில்தான் ஊர்ப் பெண்கள் துணி துவைத்தார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு!

மோனே அதிகாரிக்கு மறுபடியும் விளக்கி எழுதினார். கண்ணுக்கு இனிமையாகவும், படம் வரைவதற்காகவும் மட்டுமே இந்தச் செடிகள் என்றார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

குளம் வந்தது. அல்லி வந்தது. ஜப்பான் படங்களில் பார்த்த மாதிரி ஒரு வளைவுப் பாலமும் வந்தது. கரையில் மூங்கில் வைத்தார். கிளைகள் தண்ணீரைத் தொடும்படி தொங்கும் வில்லோ மரங்களும் வைத்தார்.

குளத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு தோட்டக்காரர். படகில் போய் அழுகிய இலையையும் பாசியையும் எடுப்பது அவர் வேலை. பக்கத்துச் சாலையில் மோட்டார் வண்டிகள் போகும்போது புழுதி பறந்து அல்லி இலைகளில் படிந்தது. மோனே தன் சொந்தச் செலவில் சாலைக்குத் தார் போடச் செய்தார்!

முன் தோட்டத்தில் எல்லாம் நேர்கோடு. குளத்தில் நேர்கோடே இல்லை. பாலம், கரை, இலை எல்லாம் வளைவு. ஒரே மனிதர் இரண்டையும் அமைத்தார். கோடு என்றால் என்ன, வளைவு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் அங்கே நடந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

குளத்துக்குள் வானம்

குளம் கற்றுக் கொடுக்கும் பாடம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

“தண்ணீர் என்ன நிறம்?” என்று ஒரு குழந்தையைக் கேளுங்கள். “நீலம்” என்று சொல்லும். நீலப் பென்சிலை எடுத்துத் தேய்த்து விடும்.

குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தி அதே கேள்வியைக் கேளுங்கள். குழந்தை திகைக்கும். மரத்துக்கு அடியில் தண்ணீர் பச்சை. மேகத்துக்கு அடியில் வெள்ளை. சூரியன் மறையும்போது செம்மஞ்சள். தண்ணீருக்குச் சொந்த நிறம் இல்லை. மேலே இருப்பது கீழே தெரிகிறது. வானம் குளத்துக்குள் கிடக்கிறது. அதன் மேல் அல்லி மிதக்கிறது!

மோனே இந்த அல்லிகளை மட்டும் சுமார் 250 படங்கள் வரைந்தார். அவற்றில் பலவற்றில் கரையே இல்லை; வானமும் நேராக இல்லை. தண்ணீருக்குள் தெரியும் வானம்தான் உண்டு.

நிழலும் அப்படித்தான். நிழல் கறுப்பு என்று நாம் நினைக்கிறோம். பனி மூடிய தரையில் வேலியின் நிழல் விழுவதை மோனே இளம் வயதிலேயே ஒரு படத்தில் நீலமாக வரைந்தார். பாரீசில் அரசாங்க ஆதரவில் நடந்த ஓவியக் காட்சியில் 1869-ல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று அது பாரீசில் உள்ள புகழ் பெற்ற அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

நமக்குப் பனி இல்லை. கொடியில் காயும் வெள்ளை வேட்டி இருக்கிறதே! வெயிலில் அதன் மடிப்பைப் பாருங்கள். மடிப்பின் நிழல் கறுப்பா? உற்றுப் பார்த்தால் நீலமும் ஊதாவும் தெரியும்.

கண் மங்கியது

இவ்வளவும் பார்த்த கண்ணுக்கே ஆபத்து வந்தது.

1911-ல் மனைவி ஆலிஸ் இறந்தார். 1912-ல் மோனேயின் கண்களில் புரை விழுந்திருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். 1914-ல் மூத்த மகன் ஜான் இறந்தார். அந்த ஜானை மணந்திருந்தவர் வேறு யாரும் இல்லை, பிளான்ஷ்தான்!

விதவையான பிளான்ஷ் ஜிவெர்னி வீட்டுக்குத் திரும்பினார். கிழவரைக் கவனித்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக்கொண்டார். தன் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்து விட்டார்.

அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. மோனே ஊரை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் ஒரு பெரிய கூடம் கட்டினார். அங்கே, இரண்டு மீட்டர் உயரமுள்ள பெரிய கித்தான்களில் அல்லிக் குளத்தை வரையத் தொடங்கினார்.

நிறங்கள் சரியாகத் தெரியவில்லை. சிவப்பு மங்கலாயிற்று. குழாயின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வண்ணத்தை எடுத்தார். தட்டில் ஒவ்வொரு வண்ணத்தையும் எப்போதும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டார்.

1918 நவம்பர் 11-ந் தேதி போர் நின்றது. மறுநாளே மோனே பிரதம மந்திரி கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதினார். வெற்றியின் நினைவாக இரண்டு ஓவியங்களை நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கிளெமான்சோ அவருடைய நெருங்கிய நண்பர். இரண்டு படம் என்று தொடங்கியது, குளம் முழுவதும் என்று வளர்ந்தது.

1923-ல், 82-வது வயதில், வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகும் நிறங்கள் மாறி மாறித் தெரிந்தன. மோனே மனம் உடைந்தார். கிளெமான்சோ தைரியம் சொன்னார். பிளான்ஷ் பக்கத்திலேயே இருந்தார். கிளெமான்சோ பிளான்ஷுக்கு “நீல தேவதை” என்று பெயர் வைத்திருந்தார்.

1926 டிசம்பர் 5-ந் தேதி மோனே இறந்தார். வயது 86.

மறு ஆண்டு, 1927 மே மாதம், பாரீசில் ஒராஞ்சரி என்ற மண்டபத்தில் அந்த அல்லி ஓவியங்கள் திறந்து வைக்கப்பட்டன. முட்டை வடிவமான இரண்டு கூடங்கள். சுவரைச் சுற்றிலும் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு ஓவியம். நடுவில் நின்றால் குளத்தின் நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும். இன்றும் அங்கே பார்க்கலாம்.

மாணவி காத்த தோட்டம்

மோனேக்குப் பிறகு வீடும் தோட்டமும் என்ன ஆயின?

சொத்து இளைய மகன் மிஷேலுக்குப் போயிற்று. அவர் அங்கே வசிக்கவில்லை. வீட்டையும் தோட்டத்தையும் காத்தவர் பிளான்ஷ்தான். 21 ஆண்டுகள் காத்தார். ஒதுக்கி வைத்த தூரிகையை மறுபடியும் எடுத்தார். தான் பாடம் படித்த அதே தோட்டத்தை வரைந்தார். பக்கத்தில் உள்ள வெர்னான் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. இப்போது அந்த அருங்காட்சியகத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

1947-ல் பிளான்ஷ் இறந்தார்.

பிறகு தோட்டம் காடாயிற்று. இரண்டாம் உலகப் போரின் குண்டு வீச்சில் கண்ணாடிகள் நொறுங்கியிருந்தன. தரைப் பலகையும் உத்தரமும் உளுத்துப் போயின. ஒரு மாடிப்படி இடிந்து விழுந்தது. அல்லி ஓவியம் பிறந்த பெரிய கூடத்துக்குள் மூன்று மரங்கள் முளைத்து விட்டன!

1966-ல் மிஷேல் கார் விபத்தில் இறந்தார். வீட்டைப் பிரெஞ்சுக் கலைக் கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். 1977-ல் ஜெரால்டு வான் டெர் கெம்ப் என்பவர் பொறுப்பு ஏற்றார். குளத்தை மறுபடியும் தோண்டினார்கள். பழைய பாலம் மக்கிப் போயிருந்ததால் புதிதாகப் பாலம் கட்டினார்கள். பழைய புகைப்படங்களையும் மோனேயின் ஓவியங்களையும் பார்த்து எங்கே என்ன செடி இருந்தது என்று கண்டுபிடித்து நட்டார்கள். அமெரிக்கச் செல்வந்தர்கள் பணம் உதவினார்கள்.

தோட்டத்தைப் பார்த்து ஓவியம் பிறந்தது. அந்த ஓவியத்தைப் பார்த்து மறுபடியும் தோட்டம் பிறந்தது!

1980-ல் பொதுமக்களுக்குத் திறந்து விட்டார்கள். 1985-ல் சுவீடன் நாட்டில், லின்னேயா என்ற சிறுமி இந்தத் தோட்டத்துக்குப் போவதாக ஒரு குழந்தைப் புத்தகம் வெளிவந்தது. பல மொழிகளில் வந்த அந்தப் புத்தகத்தால், ஜிவெர்னிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் அந்தப் பாலம் தெரிந்து விட்டது.

நம் பிள்ளைகளுக்கு

ஜிவெர்னிக்குப் போக எல்லோராலும் முடியாது. ஆனால் அங்கே உள்ள பாடத்தை எந்த வீட்டிலும் படிக்கலாம். அடுத்த விடுமுறை நாளில் செய்து பாருங்கள்.

ஓர் அட்டையை எடுத்து, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றடி, முருங்கை மரம், மாடிப்படி என்று எதுவாகவும் இருக்கலாம். ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் வரையட்டும்.

காலை 7 மணிக்கு ஒரு படம். மத்தியானம் ஒரு படம். சாயங்காலம் ஒரு படம். இடம் மாறக் கூடாது. பொருளும் மாறக் கூடாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை பெய்து தேங்கிய தண்ணீர் இருந்தால் அதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

ஊரில் பழைய வீடு இருந்தால், உரியவரிடம் அனுமதி கேட்டுக் கூட்டிப் போங்கள். தூணையும் திண்ணையையும் தொட்டுப் பார்த்து வரையட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் கையைப் பிடித்துக் கோட்டைத் திருத்தாதீர்கள். “இலை பச்சைதானே, ஏன் மஞ்சள் அடித்தாய்?” என்று அதட்டாதீர்கள். நீங்களும் குனிந்து அந்த இலையைப் பாருங்கள். வெயில் பட்ட இடத்தில் அது மஞ்சளாகத்தான் இருக்கும்.

எல்லாப் பிள்ளையும் மோனே ஆகி விடாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு முறை நன்றாகப் பார்த்து வரைந்த வீட்டைப் பிள்ளை மறக்காது. வளர்ந்த பிறகு அதை இடிய விடவும் மனம் வராது. பிளான்ஷ் தள்ளிப் போன வண்டி அவரை அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

இன்று மாலை வெயில் சாய்வதற்குள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு காகிதம், ஒரு பென்சில், உட்கார ஒரு பலகை. அது போதும்!